மாமனார் காருக்கு மூன்று ஷிஃப்ட் வைத்தியம்

கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் ஒரே ஒரு வகைதான். அவனுக்குப் பெண் கொடுத்தவர்கள்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் பக்கத்தில் நிற்பவர் கார் செய்கிறவராகத்தான் இருப்பார். இரண்டு வாய் டீ உள்ளே போனபிறகு மெல்ல விசாரித்தால், அவர் கதவு ஓரத்துக்கு ரப்பர் ஒட்டுகிறவர் என்பது தெரியவரும். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வைப்பரை டப்பாவில் அடுக்குகிறவர். முழு காரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தால், அவர்களும் எல்லாரையும் போல ரோட்டுக்கு வந்துதான் பார்க்கவேண்டும்.

நான் கார் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ('அப்போ டெய்லர்னு சொல்லு' என்பாள் என் மனைவி ஷீலா. சொல்லலாம்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் 'கார் லைன்' என்று சொல்லிவிட்டேன். இனி எப்படி மாற்றுவது?) என் மாமனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் ஊரான பென்னலூரில் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "நம்ம மாப்ள. கார் பண்றாரு" என்பார். ஏதோ நான் காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு ஒரு காரைப் பண்ணி வாசலில் வைத்துவிட்டுப் போவது மாதிரி இருக்கும்.

மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற தபால்காரர். வாழ்நாளெல்லாம் சைக்கிள் மிதித்ததில் இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு வலது காலால் மட்டும் ஓட்டலாம். அந்தக் காரில் ஏறிய நாளிலிருந்து அவர் யாரையும் 'என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா' என்று கேட்டதில்லை. எங்கள் கல்யாணத்தன்று ஷீலாவை மாதா கோயிலுக்கு அவரேதான் ஓட்டி அழைத்து வந்தார். இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, மாப்பிள்ளையான என் முகத்தில்கூட இல்லை.

இரண்டாவது பெண் ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் புதுக் கார் ஒன்றை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

"எம் பொண்ண எம் வண்டிலதான் இட்டாருவேன். பெரியவள அப்படித்தான் இட்டாந்தேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. ஆனால் கார் கல்யாணப் பெண் நடை நடந்தது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை.

"இன்னா மாப்ள, வண்டி கத்துது, நவுர மாட்டுதே?"

"டிராஃபிக் மாமா" என்றேன்.

"முன்னாடி ஒரே ஒரு மாடுதான் கீது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடமும் ஜெனியிடமும் அறிவித்துவிட்டார்: "வண்டில சின்ன ட்ரபிள். ஒண்ணும் பயப்படாதீங்க. மாப்ள கார் கம்பெனில கீறாரு, அவரு பாத்துப்பாரு."

அந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன், "மாமா, எனக்கு சீட்டு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லியிருப்பான். நான் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி தலையை ஆட்டி, "பாத்துக்கலாம் மாமா" என்றேன்.

என் கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் மூவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம், மூவரும் தூத்துக்குடிப் பக்கம். செல்வம் கியர் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். ஆகவே கியர்பாக்ஸ் நிபுணர். (உண்மையில் அவன் இருப்பது வாஷிங் பிரிவு. கியர்களைக் குளிப்பாட்டி அனுப்புகிறவன்.) துரைப்பாண்டி பெயின்ட் ஷாப். அவனைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், அவனிடம் பைக் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிரச்சினை வந்தாலும் 'ஏன்?' என்று கேட்கவேண்டும். வந்த பதிலையும் பிடித்து 'அது ஏன்?' என்று கேட்கவேண்டும். இப்படியே தோண்டிக்கொண்டு போனால் அடியில் மூலகாரணம் அகப்படும் என்பது நம்பிக்கை. அன்று மாமனார் வீட்டு வாசலில் காரைச் சுற்றி நின்றுகொண்டு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

முதலில் ஒழுங்காகத்தான் போனது. ரிவர்ஸ் போட்டால் கார் சமர்த்தாகப் பின்னால் வந்தது. முன்னால் போகிற கியரைப் போட்டால் கொஞ்சம் யோசித்தது, பிறகு ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் வேகம் ஏறியது, சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. கார் நிற்கும் இடத்தில் தரையில் சிவப்பாக ஒரு ஈரக்கறை. துரைப்பாண்டி விரலில் தொட்டு முகர்ந்து, "தீஞ்ச வாடை அடிக்கிடே" என்றான்.

"கியர் ஏன் நழுவுது? கியர்பாக்ஸ் ஆயில் கொறஞ்சிருக்கு" என்றான் செல்வம்.

"ஆயில் ஏன் கொறஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

"ஒழுகுது."

"ஏன் ஒழுகுது?"

"சீல் இத்துப் போச்சு."

"ஏன் இத்துப் போச்சு?"

"மாத்தல."

"ஏன் மாத்தல?"

அதற்குமேல் தோண்டியிருக்கக்கூடாது. ஆனால் மூலகாரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட வெறி எங்களைப் பிடித்துக்கொண்டது. "மூலகாரணம் மாமாதான்" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் மாமா நிற்கிறார்.

"இன்னா மாப்ள, நான்தான் ஒழுவறனா?" என்றார்.

அத்தை டீ கொண்டுவந்து அந்த நிமிடத்தைக் காப்பாற்றினார்.

நாங்கள் கண்டுபிடித்தது சரியென்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். (வேறு எதையும் பெருமையாகப் பதிவு செய்ய வழியில்லை.) ஆயில் குறைந்துதான் இருந்தது, சீல் ஒழுகத்தான் செய்தது. சீல் மாற்ற வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கல்யாணத்துக்குள் திரும்பி வராது. ஆகவே இப்போதைக்கு ஒரு லிட்டர் சிவப்பு ஆயில் ஊற்றிவிடுவது, கல்யாணம் முடிந்ததும் சீலை மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

ஒரு சங்கடம் இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவைப் பார்க்க ஒரு கம்பி இருக்கவேண்டும். டாக்டர் காலத்திலேயே அது தொலைந்துபோயிருந்தது. கம்பி இருக்கவேண்டிய குழாயில் மாமனார் ஒரு ஃபிளாஸ்க் தக்கையைச் செருகி வைத்திருந்தார். ஒரு நூல் விலகினால் சீட்டைத் திருப்பி அனுப்புகிற நான், அளவே பார்க்க முடியாத குழாயைப் பார்த்து, "உத்தேசமா ஒரு லிட்டர், கரெக்டா இருக்கும்" என்றேன்.

"யாரு ஊத்துறது?" என்றான் துரைப்பாண்டி.

நல்ல கேள்வி. அந்த வாரம் செல்வத்துக்குக் காலை ஏ ஷிஃப்ட், எனக்கு மதியம் பி ஷிஃப்ட், துரைப்பாண்டிக்கு ராத்திரி சி ஷிஃப்ட். ஒருவன் வேலைக்குப் போகும்போது ஒருவன் தூங்குவான், இன்னொருவன் பஸ்ஸில் இருப்பான். போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "யாருக்கு நேரம் கெடைக்கோ அவம் ஊத்திருவோம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் கம்பெனிகளில் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவன் வருகிறவனிடம் தான் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொல்லாமல் போனால் மெமோ. அதற்காக நான் எத்தனை பேரை நிற்கவைத்துக் கத்தியிருக்கிறேன் என்று லைனில் கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு பென்னலூர் போனேன். மாமா பத்திரிகை வைக்கப் போயிருந்தார். தக்கையை எடுத்தேன், ஊற்றினேன், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். என்ன சொல்வது! வெண்ணெய் மாதிரி போனது. உதறல் இல்லை, அலறல் இல்லை. என் கைராசியை எண்ணி எனக்கே மெய் சிலிர்த்தது. அத்தை டீ கொடுத்தார். குடித்தேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "அத்தை, வண்டி ரெடி. கல்யாணம் வரைக்கும் யாரும் எடுக்கவேண்டாம்" என்று கட்டளை போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். நண்பர்களிடம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று கார் கோயில் வாசலில் போய் நிற்கும்போது, 'நாந்தாம்ல ஊத்துனேன்' என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்யாணம். கோயில் சுங்குவார்சத்திரம் தாண்டி. காருக்கு ரோஜா மாலை சாற்றியிருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தார். பின்சீட்டில் சந்தன நிறப் புடவையும் தலையில் வலையும் பூச்செண்டுமாக ஜெனி. அவளுக்குப் பக்கத்தில் அத்தை. முன்னால் நான், நிபுணன் என்கிற முறையில். ஷீலா முன்கூட்டியே கோயிலுக்குப் போயிருந்தாள். செல்வமும் துரைப்பாண்டியும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள்.

ஹைவேயில் ஏறும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. மாமா வலது காலை லேசாக அழுத்தி, "மாப்ள, கை வெச்சா வெச்சதுதான்யா" என்றார். எனக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் மறுபடி அலற ஆரம்பித்தது. மாமா அழுத்த அழுத்த சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. ஒரு ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. அடுத்து ஒரு சைக்கிள் தாண்டியது. பிறகு பானட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஃபிளாஸ்க் தக்கைதான். அடுத்த நொடி, பூ சாற்றிய காரிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது.

ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கினோம். பானட்டைத் திறந்தால் குழாய் வாய் வழியாக ஆயில் நுரைத்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அது சூடான சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்தது. பால் பொங்கினால் மங்கலம் என்பார்கள், ஆயில் பொங்கினால் என்னவென்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பைக்கிலிருந்து குதித்து ஓடிவந்த செல்வம் சொன்னான்: "ஆயில் கம்மியா இருக்க வாய்ப்பே இல்லடே. நாந்தான செவ்வாக்கெழமை ஒரு லிட்டர் ஊத்துனேன்!"

"நீயா?" என்றேன். என் கைராசி அந்த இடத்திலேயே செத்துப்போனது. "நான் வியாழக்கெழமை ஊத்தினேன்ல!"

துரைப்பாண்டி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்ப நான் சனிக்கெழமை ஊத்துனது?"

ஆயில் குறைந்தால் கியர் நழுவும். அளவுக்கு மேல் போனாலும் நுரைத்து நழுவும். மூன்று ஷிஃப்டும் சேர்ந்து ஒரே வேலையை மூன்று தடவை செய்திருக்கிறோம். மூவருமே மற்றவர்களை அசத்தவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"ஒருத்தர்கூடவா பாக்கல?" என்று ஜெனி அழாத குறையாகக் கேட்டாள்.

அதற்கு அத்தை பதில் சொன்னார். "நான் பாத்தனே. ஒவ்வொருத்தரா வந்து பானட்ட தொறந்தாங்க, ஊத்தினாங்க, மூடினாங்க. நானும் ஒவ்வொருத்தருக்கா டீ குடுத்தேன். கம்பெனிக்காரங்களாச்சே, தெனம் ஒருத்தர் ஊத்தணும்போலன்னு நெனச்சேன். என்னிய யாராச்சும் கேட்டீங்களா?"

நாங்கள் மூவரும் தலை குனிந்தோம். மாமாவிடமிருந்து வரப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. காரைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், வேட்டி நுனியைச் சரிசெய்கிறார்.

"அப்பா, நீ ஏம்பா பேசாம கீற?" என்றாள் ஜெனி.

மாமா தொண்டையைச் செருமினார். "கல்யாண வண்டியாச்சேன்னு... மதியானம் நானும் ஒரு டப்பா ஊத்தினேம்மா" என்றார்.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எங்களில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. மாமா திரும்பிப் போய், திறந்திருந்த டிரைவர் கதவை மெதுவாகச் சாத்தினார். பெரியவளை ஓட்டிக் கூட்டி வந்த மாதிரி சின்னவளையும் கூட்டி வருவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. 'எனக்குத் தெரியாது மாமா' என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இந்த நிலை வந்திருக்காது.

அப்போதுதான் ஏ ஷிஃப்ட் விட்ட கம்பெனி பஸ் ஒன்று வந்தது. டிரைவர் துரைப்பாண்டிக்குப் பழக்கம். துரைப்பாண்டி ஹெல்மெட்டோடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் ஆட்ட, பஸ் நின்றது. உள்ளே முழுக்க நீல யூனிஃபார்ம் போட்ட பெண் பிள்ளைகள். எட்டு மணி நேரம் லைனில் நின்ற களைப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெனியைப் பார்த்ததும் பஸ் மொத்தமும் விழித்துக்கொண்டது.

"யக்கா, ஏறுங்கக்கா! ஏ, சீலையப் பிடி, படியில சிக்கிரப்போகு!"

"பூவ என்ட்ட குடுங்க, நான் வச்சிருக்கேன்!"

செல்வத்தையும் துரைப்பாண்டியையும் காருக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் ஏறினோம். மாமா கடைசியாக, கம்பியைப் பிடித்து இடது காலை இழுத்துப்போட்டு ஏறினார். டிரைவர், "பெரியவரே, முன்னாடி குந்துங்க, வழி சொல்லுங்க" என்று தன் பக்கத்து சீட்டைக் காட்டினார். அந்த ரோட்டில் தினமும் போய்வருகிறவருக்கு வழி தெரியாமல் இல்லை. அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

மாமா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், "லெப்ட்ல ஒதுங்கு நைனா, பள்ளம் கீது" என்றார். அப்புறம், "ஹாரன் அடி." நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியும் விட்டும் வந்தது. கோயில்வரை அவரேதான் ஓட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் பூ சாற்றிய காரை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். வந்து நின்றது கம்பெனி பஸ். பெண் இறங்கினாள். பெண்ணைத் தொடர்ந்து, 'யக்கா கல்யாணத்தப் பாத்துட்டுப் போயிருவோம்' என்று நீல யூனிஃபார்மும் இறங்கியது. பாட்டு பாடுகிறவர்களைவிடச் சத்தமாக அவர்கள்தான் பாடினார்கள். பிரியாணியும் சாப்பிட்டார்கள். பந்தியில் கடைசிப் பக்கம் தட்டுப்பாடு வந்ததற்கு இன்றுவரை சம்பந்தி வீட்டார் என்னைத்தான் சொல்கிறார்கள். ஆல்பத்தில் ஜெனியைச் சுற்றி நீலச் சட்டைகளாக நிற்கும் படம்தான் இருப்பதிலேயே அழகானது. அதில் நானும் ஓரத்தில் இருக்கிறேன், வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஆயில் கறையோடு.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். பத்து நாள் வைத்திருந்து, அதிகப்படி ஆயிலை வடித்தெடுத்து, சீலை மாற்றி, அளவு பார்க்கப் புதுக் கம்பியும் போட்டுக் கொடுத்தார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவீட்டுக்கு ஜெனியையும் மாப்பிள்ளையையும் மாமாவே போய் அழைத்து வந்தார். மேம்பாலத்தை வேண்டுமென்றே இரண்டு தடவை ஏறி இறங்கினாராம்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லாமே ஷிஃப்ட் கணக்கில்தான் நடக்கிறது. ஷீலா குழம்புக்கு உப்புப் போட்டால் அடுப்படியிலிருந்து, "ஏ ஷிஃப்ட் போட்டாச்சு!" என்று கத்துவாள். சொல்லாமல் இன்னொரு தடவை போட்டால் மெமோ. மூன்று ஷிஃப்டிலும் சேராமல் பகலில் தனியாக வருவதுதான் ஜெனரல் ஷிஃப்ட்; மாமாவுக்கு ஜெனி அந்தப் பெயரை வைத்துவிட்டாள். அத்தை வைத்திருக்கிற சட்டம் எல்லாவற்றையும்விடக் கடுமையானது. அந்தக் காரின் பானட்டை யார் திறந்தாலும் டீ டம்ளரோடு வந்து நிற்பார். "இன்னா பண்ணன்னு சொல்லு, அப்பால குடி" என்பார். சொன்னால்தான் டீ.

போன மாதம் எல்லோரும் ஜெனி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாமா காரடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அத்தை வாசலில் டம்ளரை நீட்டினார்.

மாமா யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தபடி, "எனுக்கு டீ வாணாம்" என்றார்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பஸ்ஸு எத்தினி மணிக்கு?"